நெய் கட்டும் குளிர்

“கறிய எடுத்தீங்க, சரி. குடுவைய ஏன் எடுத்தீங்க?”

“கறி கூடத்தான இருந்துச்சு, அதான்...”

“தொடாதீங்கன்னு மேல எழுதி ஒட்டிருக்கேன்ல...”

“அஞ்சு மணிக்கு எந்த எழுத்து தெரியும்? சொல்ல விடு ஹாஃபிஸா.”

வாஜித் கரண்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். பிரியாணிக் கடையின் தம் அடுப்பை ஒட்டிய திட்டில் மூன்று கண்ணாடிக் குடுவைகள் கலங்கலாக நின்றன. ஹாஃபிஸா ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பால்புட்டி போல வெதுவெதுப்பாக இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் பதினைந்து டிகிரியில் பத்து நாள் அவள் வளர்த்த நுண்ணுயிர்கள். இன்று கல்லூரிப் பக்கம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். கணவன் கடையில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நேற்று மாலை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து இங்கே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். வாஜித்தோ ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும் எதையும் நேரே வேலைக்கு எடுக்காதவன். கறியானாலும் தயிரானாலும் அடுப்போரம் இருந்து குளிர் விட்டாக வேண்டும்.

“இன்னைக்கு இதுல வேலை இருக்குன்னு சொன்னே. ஜில்லுன்னு இருந்தா கஷ்டப்படுவியேன்னு வச்சேன்.”

“எனக்கு அந்தக் குளிர்தாங்க வேணும்.”

“இப்ப என்ன, செத்துப்போச்சா?”

“செத்திருந்தாக்கூடப் பரவால்ல. மாறிப்போயிருக்கும். மறுபடி வளக்கப் பத்து நாளாகும். இத முடிச்சுக் குடுத்துட்டு ஒண்ணாந்தேதி நான் மேல போய்ச் சேரணும்.”

“பத்து நாள் பிந்திப் போனா என்ன?”

“ஓ. அதுக்குத்தான் எடுத்து வச்சீங்களா?”

மேலே என்றால் கொடைக்கானல். அங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் இரண்டு வருட வேலை. ஆணை வந்து மூன்று வாரமாகிறது. நீங்களும் வாங்க என்று அவள் கேட்கவில்லை; வாரேன் என்று அவனும் சொல்லவில்லை. மலையடிவாரத்து வத்தலக்குண்டு தாண்டுமுன்னே ஸ்வெட்டர் போடுகிறவனை எப்படிக் கூப்பிடுவது? நேர்காணலுக்குப் போன அன்று டிபனில் பிரியாணி கட்டிக் கொடுத்திருந்தான். மதியம் திறந்தபோது சீரகச் சம்பா மேலெல்லாம் நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. காற்றில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றாள். போனில் சொன்னபோது, “நெய் கட்டிருச்சா?” என்று மூன்று தடவை கேட்டான், யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட குரலில்.

“அல்லா மேல ஆணையா அதுக்காக எடுக்கல,” என்றான் இப்போது. கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “ஆனா பத்து நாளாகும்னு நீ சொன்னதும் உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.”

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். கோபத்தைப் பிடித்து வைக்கத்தான் பார்த்தாள்.

“மாறிப்போச்சுன்னா எப்படி?” என்று அவன் கேட்டான்.

“நெய் குளிர்ல கட்டும். கடலெண்ணெய் அம்புட்டு லேசுல கட்டாது. இதுகளுக்கு உடம்பச் சுத்திக் கொழுப்புலதான் தோலு. குளிர்ல வளந்தா எண்ணெய் மாதிரிக் கொழுப்பக் கூட்டிக்கும். இல்லேன்னா தோல் விறைச்சு, உள்ள ஒண்ணும் போகாது, வராது. சூட்டுக்கு வந்தா நெய் மாதிரிக் கொழுப்பு கூடும். இல்லேன்னா ஒழுகிரும்.”

“எம் மாமியாளுக்கு அப்ப முழுக்க டால்டாதான்.”

“எங்கம்மாவ இழுக்காம ஒங்களுக்குப் பேச்சே வராதே.” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“யாரு சொல்லிக் குடுக்குறா அதுகளுக்கு, இதக் கூட்டு, அதக் கொறைன்னு?”

“யாரும் சொல்லல. குளிருதுன்னு பட்டதும் அதுகளா மாத்திக்கும். செத்த நேரம் குடுக்கணும், அம்புட்டுதான்.”

வாசலில் முதல் பார்சலுக்கு ஆள் வந்து நின்றது. வாஜித் திரும்பவில்லை. நெய் டின்னைத் திறந்து ஒரு கரண்டி மொண்டு, திரும்ப அதிலேயே ஊற்றினான். அடுப்புச் சூட்டில் அது தண்ணீராய் இறங்கியது. காலால் எண்ணெய் டின்னைப் பக்கத்தில் இழுத்தான்.

“ஏம்மா, மேல கடை போட்டா, படி அரிசிக்கு நெய்யக் கொறைச்சு கடலெண்ணெய் எம்புட்டு சேக்கணும்?”