கரெசெலி வீட்டில் யாருமில்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிய ஒரு வாக்கியம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் இமெரெதி மாகாணத்தில் அற்றுப்போன பிரபுக் குடும்பங்களைப் பற்றிச் சிறு நூல் ஒன்று போட்டேன். அதில் இப்படி எழுதினேன்: "புரட்சி அரசுக்கு எதிரான 1924 கலகம் நசுக்கப்பட்ட பிறகு கரெசெலி வம்சத்தில் எவரும் மிஞ்சவில்லை." எழுதி முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வம்சத்தையே முடித்து வைப்பதில் எழுதுகிறவனுக்கு அற்ப சுகம் ஒன்று உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2

தொடக்கங்கள்.

"குன்றின் மேல் சிதைந்த கோபுரம் ஒன்று..." (வேண்டாம். இந்த நாட்டில் எந்தக் குன்றில்தான் கோபுரம் இல்லை.)

"மக்வாலா தனிமையில் வாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய..." (நிறுத்திவிட்டேன். அவள் வாடுகிற ஆள் இல்லை.)

சரி, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மக்வாலாவுக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் சீட்டுக் கொடுத்தவள். கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. ரொட்டி வாங்கினால் பாதியைத்தான் தின்பாள், மறுபாதி காய்ந்துபோகும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள், சில சமயம் கோபித்தும் கொள்வாள்.

3

பக்கத்து வீட்டு லமாராவின் கணவர் இறந்து நாற்பதாம் நாள். மதியப் பந்தி. அவித்த கோதுமை, அவரை, மீன். யார் யார் நினைவாகக் குடிப்பது என்று வரிசை சொல்கிற மேசைத் தலைவன் ஒதியா, பழைய லாரி ஓட்டுநர். இறந்தவருக்குக் குடித்தாயிற்று, அவரைப் பெற்றவர்களுக்கும் குடித்தாயிற்று. அடுத்தது, நினைக்க ஆளில்லாத ஆத்மாக்களின் முறை. ரொட்டித் துண்டில் ஒயினைச் சில சொட்டு விட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவருக்கு அப்படி விடக் கூடாது. விட்டால், அவரை நாமே குழியில் இறக்கின மாதிரி.

ஒதியா எழுந்தான்.

"நம்ம ஊர்ல கரெசெலின்னு ஒரு வீடு இருந்துச்சு. அதுல ஒருத்தர்கூட இல்லன்னு இதோ நம்ம எழுத்தாளர் புத்தகமே போட்டுட்டார். அவங்களுக்கு ஊத்த யாரு இருக்கா? நாமதான்."

எல்லோரும் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். மக்வாலாவின் ரொட்டி மட்டும் நனையவில்லை.

"என்னக்கா, ஊத்தலயா?" என்றாள் லமாரா.

"ஊத்தலாம். அவங்க எங்க ஓடிடப் போறாங்க."

"அக்காவுக்கு ஒயின்னா உசுரு. ஒரு சொட்டு வீணாக்க மாட்டாங்க," என்றான் ஒதியா. துக்கப் பந்தியிலும் சிலர் சிரித்தார்கள்.

மக்வாலா சிரிக்கவில்லை. "ஏன் ஒதியா, அந்த வீட்ல யாராவது இருந்துட்டா என்ன பண்ணுவ?"

"எந்திரிச்சு நின்னு அவங்க சுகத்துக்குக் குடிப்பேன். இத்தன வருஷம் ஊத்துனதுக்கு மன்னிப்புக் கேப்பேன். ஆளு இருக்கணுமில்ல."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் அவளுடைய நனையாத ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. ஆனால் கதையே இதில்தான் இருக்கிறது.)

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"எங்கப்பா கரெசெலி வீட்டுப் புள்ள. கலகத்தப்ப அவருக்கு நாலு வயசு. அவரோட அம்மா தூக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு ஓடிட்டாங்க. அந்த வீட்டுப் பேரையே வச்சுட்டாங்க. பெரியவரானதும் இந்த ஊருக்கே திரும்பி வந்தார், கூட்டுப்பண்ணைக் கூலியா. ஒரு காலத்துல எங்களோடதா இருந்த திராட்சைத் தோட்டத்துலயே கொடி கட்டினார். சாகப்போறப்ப ஒரே ஒரு தடவ சொன்னார். சொன்ன கையோட, மறந்துடுன்னுட்டார்."

"அடுத்த பதிப்புல திருத்திடுறேன்," என்றேன். எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு.

"திருத்துங்க. நான் போனதும் மறுபடி திருத்தணும். ரெட்ட வேல உங்களுக்கு."

பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாருமில்லன்னு இருக்கிற வரைக்கும் ஊரே எங்க ஆளுங்களுக்கு ஊத்துது. ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க, அது என் கடமையாயிடும். எனக்கப்புறம் எங்களுக்கு யார் ஊத்துவா? அதுக்காக, நான் இல்லன்னு நானே எப்படிய்யா ஊத்துறது?"

இந்த மனுஷியைப் பார்க்காமல், காகிதங்களை மட்டும் பார்த்து எழுதினேனே என்று அழுகை வந்தது.

5

முடிவுகள்.

ஒன்று: அவள் எழுந்து பெயரைச் சொல்கிறாள். நாற்காலிகள் பின்னால் நகர்கின்றன. எல்லோரும் அவள் சுகத்துக்குக் குடிக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்குப் போடுகிறாள். காலையில் எத்தனை பேர் இருந்தார்களோ, அத்தனை பேர்தான் இப்போதும் அங்கே.

இரண்டு: அவள் தன் கையாலேயே ஊற்றுகிறாள். ஊற்றி... (என்னால் எழுத முடியவில்லை. ஏற்கனவே ஒரு தடவை அவளை நான் கொன்றிருக்கிறேன்.)

6

உண்மையில் நடந்ததை, நடந்த வரைக்கும் சொல்கிறேன். இன்று லமாரா வீட்டில் வருஷப் பந்தி. எனக்கு எதிரே மக்வாலா. வரிசைப்படி நினைக்க ஆளில்லாதவர்களின் முறை வந்தது. ஒதியா கரெசெலி வீட்டின் பெயரைச் சொன்னான். அவள் இடது கையில் ரொட்டி, வலது கையில் கோப்பை. மேசைக்கு இந்தப் பக்கம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"எழுத்தாளரே, நீங்க படிச்சவரு. ஊத்தலாமா, கூடாதா?"

ஏதோ சம்பிரதாயச் சந்தேகம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "ஊத்துங்கக்கா, இதப் போய் அவர்கிட்ட கேட்டுக்கிட்டு," என்றாள் லமாரா.

என் பதிலை எழுத மாட்டேன். என் பேச்சைக் கேட்டு அந்த வீடு ஒரு தடவை அழிந்தது போதும். நீங்கள் அவளை இப்போது அறிவீர்கள், நான் அறியாமல் எழுதினேன். கோப்பை லேசாகச் சாய்ந்திருக்கிறது, ஒயின் விளிம்புக்கு வந்துவிட்டது, அதிக நேரம் தாங்காது. உங்களைத்தான் கேட்கிறாள். சொல்லுங்கள்.