காப்புக் கட்டிய கை

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்சந்தில், பொதுக் குழாயடியில், மருதப்பன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி குளித்துக்கொண்டிருந்தான். அந்தக் கையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தீமிதிக்காக முந்தின நாள்தான் கோயிலில் காப்புக் கட்டியிருந்தான்.

"என்ன தம்பி, கையைத் தூக்கிக்கிட்டே குளிக்கிறீங்க? பஸ்ஸை நிறுத்துறீங்களா?" என்றாள் பக்கத்து அறைக் கதீஜா, வாளியை இறக்கி வைத்துக்கொண்டே.

"காப்பு நனையக் கூடாதுக்கா."

"அப்படின்னு யாரு சொன்னா?"

மருதப்பன் கொஞ்சம் யோசித்தான். "யாரும் சொல்லல. நானாத்தான்" என்று சொல்லி அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

கண்ணுகளா, அவனைப் பார்த்து நாமும் சிரித்துவிட வேண்டாம். மனசுக்குள் பயம் இருக்கிறவன் யாரும் சொல்லாத கட்டுப்பாட்டையெல்லாம் தானே தேடிப் பிடித்துத் தலையில் வைத்துக்கொள்வான். மருதப்பனுக்கு இருந்தது பெரிய பயம். அவனுடைய அண்ணன் மாணிக்கம் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நெஞ்சுநோயோடு படுக்கையில் கிடந்தார்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியைச் சோறூட்டி வளர்த்தவர் அந்த அண்ணன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு, தம்பியைக் கப்பலேற்றி அனுப்பினார். படகில் ஏறும்போது தம்பியின் புதுச்செருப்பு நனையக் கூடாது என்று முழங்கால் தண்ணீரில் அவனைத் தூக்கிக்கொண்டு போனாராம். வளர்ந்த ஆண்பிள்ளையை! அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஊரிலிருந்து வந்த ஒருவர் அண்ணனின் நிலைமையைச் சொன்ன அன்றைக்கே மருதப்பன் இரண்டு காரியம் செய்தான். அண்ணனுக்காகப் பூ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டான். தீமிதி முடிந்த அதே வாரம் புறப்படுகிற கப்பலில் தனக்கும், மனைவி கண்மணிக்கும், ஏழு வயது மகள் தங்கத்துக்கும் இடம் சொல்லி வைத்தான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷம். அந்த வருஷத் தொடக்கத்தில் சிங்கப்பூரில் அம்மை தலைகாட்டிவிட்டுப் போயிருந்தது. அதனால் கப்பல் பயணிகளிடம் கெடுபிடி அதிகம். ஏறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே ஒவ்வொருவரும் அம்மை குத்திக்கொண்டு, தேதியும் முத்திரையும் உள்ள கார்டைக் காட்ட வேண்டும். சுகாதாரப் பாரம் என்கிற படிவத்திலும் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கதீஜாதான் கண்மணியையும் தங்கத்தையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அன்று ராத்திரியே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இடது தோள் வீங்கி, "தொடாதேம்மா, தொடாதேம்மா" என்று இரண்டு நாள் சிணுங்கியது.

அதைப் பார்த்து மருதப்பன் தன் தோளைத் தடவிக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்த புதிதில், கப்பலில் வந்தவர்களை நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைக்கிற தீவில், அம்மை குத்திய காய்ச்சலோடு யாருமில்லாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. இப்போது அதே காய்ச்சல் வந்தால்? காய்ச்சல்காரனைத் தீக்குழிப் பக்கம் விடுவார்களா? நேர்த்திக்கடன் நின்றுபோனால் அண்ணனுக்கு என்ன ஆகும்?

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அவனோடு சரக்கு ஏற்றுகிற வடிவேலு அந்தப் பயத்தில் எண்ணெய் ஊற்றினான்.

"காப்புக் கட்டின உடம்புலயா அம்மைப்பால் ஏத்திக்கப் போறே? அம்மாவுக்கு நேந்துக்கிட்டு, அம்மாவையே குத்தி விரட்டுறியா? நல்லா இருக்கு லா உன் பக்தி!"

"அப்ப கார்டுக்கு என்னடா பண்றது?"

"கோப்பிக் கடையில ஒரு ஆளு இருக்கான். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். முத்திரை மட்டும் போட்டுக் குடுப்பான். எத்தனை பேரு போயிட்டு வந்துட்டாங்க!"

அன்று மாலை மருதப்பன் கார்டோடு வீட்டுக்கு வந்தான். முத்திரை பளிச்சென்று இருந்தது.

கண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல குத்தியாச்சுன்னு இருக்கு. உங்க கையில ஒண்ணும் இல்லையே."

"காப்புக் கட்டியிருக்கேன் புள்ள. உடம்புல ஊசி படக் கூடாது."

"கோயில்ல கேட்டீங்களா?"

"கேக்கல."

"போய்க் கேட்டுட்டு வாங்க. பத்து நிமிஷ வேலை."

"கேட்டு, குத்திக்கோன்னு சொல்லிட்டாங்கன்னா?"

கண்மணி அவனையே பார்த்தாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். சுகாதாரப் பாரத்தில், அம்மை குத்திக்கொண்டேன் என்ற வரிக்கு நேரே கையெழுத்தும் போட்டுவிட்டான்.

தீமிதி நாள் வந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து மஞ்சள் வேட்டிக் கூட்டம் வேப்பிலையோடு நடந்தது. சௌத் பிரிட்ஜ் ரோட்டுக் கோயில் வாசலில் வரிசை நின்றபோது, மருதப்பனுக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞனின் வெற்றுத்தோள் கண்ணில் பட்டது. அதில் கறுத்துக் காய்ந்த ஒரு பொருக்கு. தங்கத்தின் தோளில் இருந்த அதே பொருக்கு.

"தம்பி, இது... அம்மை குத்தினதா?"

"ஆமாண்ணே. நானும் ஊருக்குப் போறேன் அடுத்த கப்பல்ல."

"காப்போடயா குத்திக்கிட்டே?"

"பூசாரி ஐயாகிட்ட கேட்டேனே. 'புள்ளைங்க நல்லா இருக்கறதுல அம்மாவுக்கு என்னடா கோபம், போய்க் குத்திக்கோ'ன்னு திட்டி அனுப்பினாரு." அவன் சிரித்தான்.

மருதப்பனுக்கு அதற்குப் பிறகு மேளச் சத்தம் காதில் ஏறவில்லை. இனிமேல் குத்திக்கொண்டால் நாள் போதாது. கப்பலை விட்டால் அடுத்தது எப்போதோ. 'அண்ணனைப் பார்த்தால் போதும், தாயே' என்று மட்டும் வேண்டிக்கொண்டு நெருப்பில் இறங்கினான். தலையை நிமிர்த்தி நடந்து, தீக்குழி முடிகிற இடத்தில் பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் காலை வைத்தான். உள்ளங்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

கப்பலேறும் நாளன்று தஞ்சோங் பகாரில் கூட்டம் அலைமோதியது. அவன் தினமும் வேலை செய்கிற இடம்தான். ஆனால் அன்று சலவைச் சட்டையும் தகரப் பெட்டியுமாகப் பயணிகள் வரிசையில் நின்றான். அண்ணனுக்காக வாங்கிய கம்பளிப் போர்வை மேலாக மடித்து வைத்திருந்தது. தூரத்தில் சரக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வடிவேலு கையை ஆட்டினான்.

மேசையில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். பக்கத்தில் அவருடைய மருத்துவ உதவியாளர், டிரெஸ்ஸர் ரவூப். நாகூர் வழி வந்தவர், அமைதியான மனிதர். கண்மணியின் தோளைப் பார்த்தார், தலையாட்டினார். தங்கத்தின் தோளைப் பார்த்தார். "நல்லா பிடிச்சிருக்கு. வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு மருதப்பன் பக்கம் திரும்பினார்.

"சட்டையைத் தூக்குங்க, தம்பி."

பழைய தழும்பு ஒன்று வெளுத்துத் தெரிந்தது.

"இது பழசு. கார்டுல இருக்கிற தேதிக்கு இந்நேரம் பொருக்கு இருக்கணும். எங்க?"

"அது... ஆறிடுச்சுங்க."

"ஆறினா அடையாளம் எங்க?"

அப்பா திணறுவதைப் பார்த்த தங்கம் உதவிக்கு வந்தது. "அப்பாவுக்குக் குத்தல மாமா. கோயில்ல காப்புக் கட்டியிருந்தாங்கல்ல, அதான்."

கண்மணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். டாக்டர் ஏதோ கேட்டார், ரவூப் ஏதோ சொன்னார். கார்டு மேசையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

"ஐயா, எங்கண்ணன் சாகக் கிடக்கிறாரு" என்று மருதப்பன் கைகூப்பினான். "நான் வளந்ததே அவரு கையிலதான். தயவு பண்ணுங்க. எனக்கு ஒரு நோயும் இல்ல."

"இல்லாமலே இருக்கட்டும். அதை எதை வச்சு நான் நம்புறது? இந்தக் கார்டை வச்சா?" ரவூப் குரலை உயர்த்தவில்லை. "மேல்தளத்துல பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்கப்போறீங்க. உங்க பக்கத்துல பால்குடிக் குழந்தை படுத்திருக்கும். அந்தத் தாய், 'இவருக்குக் குத்தியிருக்காங்க'ன்னு நம்பித்தானே படுப்பா? ஒருத்தருக்கு அம்மை போட்டாலும் கப்பலையே கரைக்கு விடாம நிறுத்தி வைப்பாங்க. கப்பல்ல இருக்கிற எல்லாருக்கும் அண்ணன் தம்பி காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, தம்பி."



"நானும் போகல" என்றாள் கண்மணி. பெட்டியை இறக்கப் போனாள்.

"வேணாம் புள்ள. அண்ணன் கண்ணு தேடும். நீயாச்சும் போய் முன்னால நில்லு. அந்தப் போர்வையைப் போர்த்தி விடு."

"அப்பா," என்றது தங்கம், "நீங்க இங்கதானே வேலை செய்றீங்க? உங்களையே ஏத்த மாட்டாங்களா?"

அவன் குனிந்து மகளின் நெற்றியில் முத்தம் வைத்தான். நிமிர்ந்தபோது வடிவேலு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் நகர்ந்தது. மேல்தளத்துக் கம்பிக்கிடையில் மகளின் சிவப்பு ரிப்பன் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு எது ரிப்பன், எது பிறர் சேலை என்று தெரியவில்லை. அன்று அவன் துறைமுகத்திலிருந்து நேரே கிளினிக்குக்குப் போய்த் தோளைக் காட்டினான். எறும்பு கடித்தது போல இருந்தது. அவ்வளவுதான்.

ராத்திரி காய்ச்சல் வந்தது. அறையில் மூன்று தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. ஆணியில் தங்கத்தின் பள்ளிக்கூடச் சட்டை தொங்கியது. தண்ணீர் கேட்டால் எடுத்துத் தர ஆளில்லை. கீழே சிராங்கூன் ரோட்டில் மாட்டுவண்டி போகிற சத்தம், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். அவனைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள்.

கதீஜா கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "குடிச்சிட்டுப் படுங்க, தம்பி. ரெண்டு நாளுல சரியாயிடும்."

சரியாகித்தான் போனது. இரண்டே நாள் காய்ச்சல். இதற்காகவா பயந்தோம் என்று எண்ணியபோது அழுகை வந்தது. அழுதாலும் கேட்க ஆளில்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே அழுதான்.

முத்திரை ஆசாமியைத் தேடி விசாரணை வந்தது. அவன் அந்தக் கோப்பிக் கடைப் பக்கமே பிறகு வரவில்லை. மருதப்பன் மறுபடியும் துறைமுகத்தில் சரக்கு ஏற்றினான். ஊருக்குப் போகிற கப்பல்களுக்கு மூட்டை கட்டித் தூக்கிவிட்டான். மூட்டைகள் போயின. தோளில் பொருக்கு காய்ந்து உதிர்ந்தது. அடுத்த கப்பலுக்குச் சொல்லி வைத்தான். அந்தக் கப்பலுக்கு முன்பே தந்தி வந்துவிட்டது.

தை முடிந்து கண்மணியும் தங்கமும் திரும்பி வந்தார்கள். குழந்தை தூங்கிய பிறகு அவன் கேட்டான்.

"அண்ணன் என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. பின்னால வர்றாருன்னு சொல்லி வச்சேன். 'உங்களுக்காக அவரு பூ மிதிச்சாரு'ன்னு நான் அவர்கிட்ட சொன்னதும், 'அய்யய்யோ, காலு சுட்டுச்சா அவனுக்கு?'ன்னு கேட்டாரு. அதையே ரெண்டு மூணு தரம் கேட்டாரு. வாசல்ல யாரு வந்தாலும் தலையைத் தூக்கிப் பாப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் தூக்கல."

மருதப்பன் தன் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வருஷம் வடிவேலுவுக்கு ஊரில் தங்கையின் கல்யாணம். வேலை முடிந்து கோப்பி குடிக்கும்போது சொன்னான்: "இப்போ வேற ஒரு ஆளு முத்திரை போடுறானாம். கை வீங்கினா கூலி போயிடும், எனக்கு எதுக்குடா அந்த ரோதனை?"

மருதப்பன் கோப்பியைக் கீழே வைத்தான். சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினான். தழும்பு வட்டமாக, பளபளவென்று இருந்தது.

"இதைப் பாரு, வடிவேலு. கப்பல் போன பிறகு வாங்கினது. எங்கண்ணனுக்காக நான் நெருப்புல நடந்தேன். ஊரே பாத்துச்சு, எல்லாரும் மெச்சினாங்க. ஆனா அவரு முகத்தைப் பாக்கிறதுக்கு என்கிட்ட கேட்டது ஒரு ஊசிமுனை. அதை நான் தாங்கிக்கல. காப்பு மேல பழியைப் போட்டேன், அம்மா மேல பழியைப் போட்டேன், பொய்யில கையெழுத்தும் போட்டேன்."

வடிவேலு கோப்பையைப் பார்த்தான். "நான்தானே உனக்கு அந்த வழியைக் காட்டினேன்" என்றான் மெதுவாக.

"நீ காட்டினே. நடந்தது நான். விடு." மருதப்பன் எழுந்தான். "நோயை மறைச்சு எழுதுற பாரமும், குத்தாம வாங்குற முத்திரையும் யாரையும் காப்பாத்தாதுடா. நம்மளை நம்பிப் பக்கத்துல படுக்கிறவனையும் அது ஏமாத்தும், நமக்காகக் காத்திருக்கிறவனையும் ஏமாத்தும். எழுந்திரு, கிளினிக் மூடறதுக்குள்ள போயிடலாம். காய்ச்சல் வந்தா ராத்திரி நான் உன் பக்கத்துல இருக்கேன்."