கொக்கியைக் கழற்றும் காட்சி

1

ஒரு சினிமாவின் மேல் வந்த எரிச்சலில் பிறந்த கதை இது. மறைத்துப் பயனில்லை. கடலில் விழுந்தவர்களை ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி மீட்கும் நீச்சல்காரர்களைப் பற்றிய படம். போட்ட பணத்தில் ஜப்பானின் வடக்கே இருக்கும் எங்கள் குஷிரோ ஊருக்குப் புதிதாக ஒரு துறைமுகமே கட்டியிருக்கலாம். நிஜ நீச்சல்காரன், என் அண்ணன் ஷுன்பெய், என் பக்கத்து இருக்கையில் இருந்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சீறும் பனிக்கடலில் தன்னந்தனியே ஒரு வீரன்...'

(அடித்துவிட்டேன். படத்தின் சுவரொட்டியிலும் இதேதான் இருக்கிறது.)

2

பிப்ரவரிக் கடலில் கதாநாயகனுக்குத் தலைமுடி நனையவில்லை. அலைக்கு நடுவே நீச்சல் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடமையைப் பற்றிப் பேசினான்.

"அந்தத் தண்ணில வாயத் தொறந்தா பேச்சா வரும்? வாந்திதான் வரும்," என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணா. எல்லாரும் அழுவுறாங்க."

"டிக்கெட் காசு போச்சேன்னு அழுவுறாங்க."

பிறகு அந்தக் காட்சி. ஹெலிகாப்டரில் எரிபொருள் தீர்கிறது, திரும்பி வரச் சொல்கிறார்கள். கயிற்றில் தொங்கும் நாயகன், "யாரையும் விட்டுட்டு வரமாட்டேன்" என்று தன்னைக் கயிற்றோடு மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றிக் கடலில் குதிக்கிறான். அரங்கமே கைதட்டியது. அண்ணன் கேலியை நிறுத்திவிட்டான்.

3

இங்கே ஒருவரைக் கொண்டுவர வேண்டும். மனமில்லாமல் கொண்டுவருகிறேன். இரண்டு வரிசை முன்னால் தமாயே அக்கா இருந்தார். போன குளிர்காலத்தில் அவர் கணவரின் மீன்படகு கவிழ்ந்தது. கடலில் மூன்று பேர். அண்ணன் ஒருவரை மேலே அனுப்பினான். மயங்கிப்போன இன்னொருவரை அணைத்தபடி தானும் ஏறினான்.* எரிபொருள் அவ்வளவுதான். அடுத்த ஹெலிகாப்டர் போனபோது தமாயே அக்காவின் கணவர் அங்கே இல்லை.

"உன்னால முடிஞ்சத செஞ்சப்பா," என்றுதான் தமாயே அக்கா அண்ணனிடம் இன்றுவரை சொல்லிவந்தார்.

(* மயங்கியவரைத் தனியாகக் கயிற்றில் அனுப்ப முடியாது. படத்தில் யாரும் மயங்கவில்லை. எல்லாருக்கும் வசனம் இருந்தது.)

4

படம் முடிந்து வெளியே வந்தோம். தமாயே அக்கா எங்களிடம் வந்தார்.

"ஷுன்பெய், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்கக்கா."

"அந்தக் கொக்கி... நெசமாவே நீங்களே கழட்டிக்கலாமா?"

5

முடிவு ஒன்று: "இல்லக்கா, அதெல்லாம் சினிமா." அவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். ஆனால் அது பொய்.

முடிவு இரண்டு: "கழட்டலாம்க்கா." இது உண்மை. கையிலிருந்த ஆளை யார் பிடிப்பது, அலை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அந்த முதல் சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எது விழும்?

முடிவு மூன்று: பின்னணி இசை. அதற்கு என்னிடம் பணமில்லை.

நடுவில் புகுந்து பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன். அந்தக் காட்சிக்குக் கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் இப்படி முன்னால் வாருங்கள். கையுறைகூடப் போடாமல் தமாயே அக்கா பனியில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.