வாளி ஒயின்

மலையில் தீப்பிடித்தால் மற்ற ஊர்க்காரர்கள் வீட்டை நினைப்பார்கள். கேப் டவுன் பக்கத்து டாஸ்பெர்க்கில் நாங்கள் திராட்சையை நினைப்போம். வீடு எரிந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். பழுக்கிற நேரத்தில் திராட்சைமேல் புகை படிந்தால் அந்த வருஷம் போனது போனதுதான். தோல் புகையைக் குடித்துக்கொண்டு கமுக்கமாக இருக்கும். பழத்தைத் தின்றால் ஒன்றும் தெரியாது. ஒயினாகி வாய்க்குள் போன பிறகுதான் சிகரெட் சாம்பலை நக்கியதுபோல இருக்கும்.

அந்தப் பிப்ரவரியில் எங்கள் துண்டு நிலத்துக்கு நேர் மேலே மலை எரிந்தது. பார்த்து வைத்து எங்களுக்கென்றே எரிந்ததுபோல இருந்தது எனக்கு.

என் பெயர் சரினா கூபிடோ. வாய் நீளம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். எஸ்டேட்டின் மேல்கோடி நிலம் தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதற்கு நான் தலைவி. அங்கே இருப்பது ஸ்டீன் என்கிற வெள்ளைத் திராட்சை. கம்பியில் ஏறாமல் முழங்கால் உயரத்தில் குந்திக்கொண்டிருக்கும் வயசான கொடிகள். குழி தோண்டி நட்டது எங்கள் ஆட்கள். கவாத்து செய்ததும், குனிந்து குனிந்து பறித்ததும் எங்கள் ஆட்கள். பாட்டிலில் மட்டும் எஸ்டேட் முதலாளிகளான ரெட்டீஃப் குடும்பத்தின் பெயர் இருந்தது. நிலம் கைக்கு வந்த பிறகும் பழத்தை டவுனில் இருக்கும் பெரிய கம்பெனிக்கு விற்றோம். அது ஊரார் பழத்தோடெல்லாம் கலந்து ஒரே தொட்டியில் காணாமல் போகும்.

இந்த வருஷம் அப்படி இல்லை என்று முடிவு செய்திருந்தோம். எங்கள் பழம், எங்கள் ஒயின், எங்கள் பெயர். டிராக்டர் ஓட்டுகிற லீனாவின் மகன் எல்ராய் ஒயின் படிப்பு படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்திருந்தான். ரெட்டீஃப் வீட்டு ஒயின் நிலவறையில் ஒரு தொட்டியை வாடகைக்குப் பேசி வைத்திருந்தோம். அப்போதுதான் இந்தத் தீ.

ஆணும் பெண்ணுமாக மலையேறி அடித்து அணைத்தோம். ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்டியது. தீ அடங்கினாலும் புகை இறங்கி வந்து கொடிகளின்மேல் போர்வைபோலப் படுத்துக்கொண்டது. தென்கிழக்குக் காற்று வேண்டாத நாளிலெல்லாம் கூரையைப் பிய்க்கும். அன்றைக்குப் பார்த்து எங்கே போய்த் தொலைந்ததோ.

பரிசோதனைக் கூடத்துக்குப் பழம் அனுப்பலாம் என்றால் பள்ளத்தாக்கு முழுவதும் அதையே செய்திருந்தது. முடிவு வருவதற்குள் பழம் வெயிலில் வதங்கிவிடும். எல்ராய் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னான்.

"நாலு மூலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் பறிப்போம், ஆன்ட்டி. கையால பிசைஞ்சு தோலோட ஒரு வாளியில நொதிக்க விடுவோம். புகை இருந்தா வாளியிலயே காட்டிக் குடுத்துரும்."

அந்த வாரம் முழுக்க ஊரே அந்த வாளியைத்தான் சுற்றி வந்தது. பிள்ளை பெறப் போகிறவளைக்கூட நாங்கள் அப்படி விசாரித்ததில்லை.

சனிக்கிழமை வாளி தயார். தீயை ஜெயித்ததற்கு அன்றைக்கு ஒரு விருந்தும் வைத்திருந்தோம். எங்கள் ஆட்கள் கூடினால் நெருப்பு மூட்டாமல் இருக்க முடியாது. கல்யாணமோ கருமாதியோ, பிடுங்கிப்போட்ட திராட்சைக் கட்டைகளை அடுக்கிக் கொளுத்தி, ஸ்னூக் மீனை இரண்டாகப் பிளந்து, ஆப்ரிகாட் ஜாம் தடவிச் சுட்டால்தான் அது எங்களுக்குக் கூட்டம். மீனைப் புரட்டியது எல்ராய். விசிறியது நான். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆளுக்கொரு மீன்துண்டைத் தின்றுவிட்டு, வாளி ஒயினைக் கிளாஸ்களில் ஊற்றினோம்.

எல்ராய் மூக்கை விட்டான். எடுத்தான். மறுபடி விட்டான். அவன் முகம் விழுந்தது.

"புகை" என்றான்.

லீனா முகர்ந்தாள். "ஆமா, புகைதான்." அவள் புருஷன் ஹென்னியும் அதையே சொன்னான். கடைசியில் நானும் முகர்ந்தேன். கிளாஸுக்குள் மலையே எரிந்துகொண்டிருந்தது.

அழுகை வந்தது. அழவில்லை. கெட்ட ஒயினில் எங்கள் பெயரை ஒட்டுவதைவிட ஒட்டாமலே இருக்கலாம். அந்த ரோஷம் எங்களில் எல்லோருக்கும் இருந்தது, ஒருத்தர்கூட மாற்றிப் பேசவில்லை. நானே கம்பெனியின் கொள்முதல் அதிகாரி லாட்டெகனுக்குப் போன் செய்தேன். புகையடித்த திராட்சை இருக்கிறது, பிராந்தி காய்ச்சி வடிக்கிறவர்களுக்கு ஆகுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். திங்கள் காலை லாரி வரும் என்றார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் தம்பியின் கார். தம்பி டெஸ்மண்ட் கேப் டவுனில் கதிஜாவைக் கட்டிக்கொண்டு தாவூத் ஆனவன். கதிஜாவுக்குப் பரம்பரை மசாலாக் கடை. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். என் குழம்பில் உப்பில்லை என்பாள். அவள் கொண்டுவரும் பாகில் ஊறிய பணியாரத்தை நான் ஒன்றுக்கு நாலாகத் தின்றுவிட்டு, இனிப்பு தூக்கல் என்பேன்.

அன்றைக்கும் படியேறும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன மதினி, வீட்டுக்குள்ள மீன் சுட்டீங்களா, வீட்டையே சுட்டீங்களா?"

"மசாலாக் கடைக்காரி நாத்தத்தப் பத்திப் பேச வந்துட்டா. பேசாம உள்ள வாடி."

பின்கட்டில் அந்த வாளி கிடந்தது. பார்க்கப் பிடிக்காமல் அங்கே தள்ளியிருந்தேன். பணியாரத் தட்டைக் கழுவப் போனவள் ஒயினைக் கொட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொட்டு, அதுவும் என் தலைவிதியும் ஒண்ணுதான் என்றேன். கொட்டுகிற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் வாளிமேல் குனிந்து நிற்கிறாள்.

"ஏன் மதினி, இதுல கொய்யாப்பழம் போட்டீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எரியிற வீட்டுல பீடி பத்த வைக்காத. அது புகையடிச்ச ஒயின். அதுக்காகத்தான் ஊரே எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கு."

"புகையா? இதுலயா?" மறுபடி குனிந்தாள். "கொய்யா. கொஞ்சம் தேன். ஓரத்துல வைக்கோல் மாதிரி ஒண்ணு. புகை இல்ல."

"ஒரு சொட்டு குடிச்சதில்ல நீ. ஒயினப் பத்தி என்கிட்ட பேசுறியா?"

"குடிக்கத்தான் ஹராம். மூக்கு இறைவன் குடுத்தது." அவள் என் பக்கம் திரும்பி, என் தோளில் மூக்கை வைத்து இழுத்தாள். பிறகு தலைமுடியில். "இங்க இருக்கு புகை. உங்க கவுனு, உங்க கொண்டை, அந்த மேல்துணி. சர்ச்சுல பக்கத்துல உக்காந்தவ எப்படித் தாங்குனா? நாங்க மொளகா வறுத்தா அன்னைக்கு மசாலா கலக்க மாட்டோம், மதினி. மூக்கு செத்திருக்கும். எதைக் குடுத்தாலும் மொளகாதான் அடிக்கும்."

சண்டைக்கு வாயைத் திறந்தேன். மூடிவிட்டு அலமாரியைத் திறந்தேன். அதில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய பாட்டில் ஒன்று இருந்தது. ரெட்டீஃப் வீட்டு ஒயின், கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. மலை பச்சையாக இருந்த காலத்தில் அடைத்தது. கார்க்கைப் பிடுங்கி, கிளாஸில் ஊற்றி முகர்ந்தேன்.

புகை.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கதிஜா பயந்து போனாள். அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டு, போட்டிருந்த செருப்போடு எல்ராய் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு இருக்கிற முழங்கால் வலியில் நான் ஓடியதைப் பார்த்துத் தெருவே வெளியே வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் எல்ராய் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "முதல் வருஷப் பாடம், ஆன்ட்டி! வாசனை பார்க்கிற எடத்துல சோப்புகூட இருக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் ஸ்னூக் சுட்ட கையோட கிளாஸத் தூக்கியிருக்கேன்!"

"படிப்புல குறையில்லடா. மீனப் பார்த்ததும் நீ எங்க புள்ளையாயிட்ட, அவ்வளவுதான்" என்றாள் அவன் அம்மா.

பிறகு டாஸ்பெர்க் குளித்தது. அப்படியொரு குளியலை இந்த ஊர் பார்த்ததில்லை. பச்சை சோப்பை வைத்துத் தலையைத் தேய்த்தோம், துவைத்து மடித்த துணியை எடுத்து உடுத்தினோம். ஞாயிறு மத்தியானம் ஒரு வீட்டிலும் நெருப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு போட்டேன். ஊறவைத்த ஆட்டுக்கறியைப் பார்த்தபடி ஹென்னி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் காற்று எழுந்தது. ஊருக்கு மேலே காற்று வரும் திசையில் பள்ளிக்கூட மைதானம், அங்கே கூடினோம். கேட்டில் கதிஜா நின்றுகொண்டு வருகிறவர்கள் தலையை ஒவ்வொன்றாக முகர்ந்து உள்ளே விட்டாள். ஹென்னியைத் திருப்பி அனுப்பினாள்.

"குளிச்சேன்மா, ரெண்டு தடவ!"

"மீசையக் குளிப்பாட்டலையே, அண்ணே."

கூட்டம் சிரித்தது. எல்ராய் வாளி ஒயினைக் கிளாஸில் ஊற்றித் தூக்கியதும் அடங்கியது. அவன் வெகுநேரம் முகர்ந்தான். ஒரு வாய் எடுத்து, உருட்டி, விழுங்கினான். கிளாஸை அப்படியே அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மைதானத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து அழுதான். லீனா முகர்ந்தாள், நான் முகர்ந்தேன். கொய்யாதான். எனக்குப் பெருமையில் நெஞ்சு வலித்தது. எங்கள் கொடிகள் அந்தப் புகையிலேயே நின்றுகொண்டு, எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் இருந்திருக்கின்றன. சந்தேகப்பட்டது நாங்கள்தான்.

திங்கள் காலை லாட்டெகன் இரண்டு லாரியோடு வந்து நின்றார். பேச்சை மாற்றுகிறோம் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று கிளாஸோடு போனேன். வாங்கி முகர்ந்தார். அவரும் தொழில் தெரிந்தவர்தான், புருவம் ஏறியது.

"இதுல ஒண்ணுமே இல்லையே, சரினாம்மா. அப்ப நல்ல பழத்தோட வெலைக்கே எடுத்துக்கிறேன். மேலயும் கொஞ்சம் போட்டுத் தரேன்."

"வேண்டாம் சார்."

"போன்ல சரின்னு சொன்னீங்க. லாரி வந்து நிக்குது."

"சொன்ன சொல்ல நான் மாத்தல சார். புகையடிச்ச திராட்சை தரேன்னுதான் சொன்னேன். அது எங்ககிட்ட இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையாகக் கத்திரியும் கூடையுமாக நின்றவர்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

"பாட்டில்ல அடைச்சு விக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. முதல் வருஷமே தலைவலி."

"எங்க தலைதானே சார். வலிக்கட்டும்."

லாரிகள் காலியாகத் திரும்பின. நாங்கள் பாடிக்கொண்டே பறித்தோம். சுவிசேஷப் பாட்டில் ஆரம்பித்து, வெயில் ஏற ஏறக் கல்யாணக் கேலிப்பாட்டுக்கு வந்திருந்தோம். கதிஜா ஊருக்குப் போகாமல் தங்கி, கூடை சுமந்தாள். குனிந்து பறிக்கத் தெரியவில்லை என்று அவளைத் திட்டினேன், மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி வண்டிப் பழத்தையும் பிழிந்து, சாறு தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தபோது எல்லோரும் நிலவறை வாசலில் திரண்டு நின்றோம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கரும்பலகை தொங்கும், உள்ளே இருப்பது யாருடையது என்று எழுதி வைக்க. நிலவறை ஆள் என்னிடம் சாக்பீஸை நீட்டினான்.

வயசுக் காலத்தில் நான் அந்த நிலவறையில்தான் தொட்டி கழுவினேன். ஒவ்வொரு அறுவடைக்கும் பலகையைத் துடைத்து எழுதுவது என் வேலை. என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் ரெட்டீஃப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதிவிட்டது.

"ஏய் சரினா!" என்றாள் லீனா. யாரும் சிரிக்கவில்லை.

உள்ளங்கையால் அழித்தேன். வெள்ளையாக ஒரு தீற்றல் நின்றது. அதையும் கவுன் நுனியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன்.

"பேரு இன்னும் முடிவாகலையே" என்று எல்ராய் காதருகே சொன்னான். உண்மைதான். பெயருக்காக மூன்று கூட்டம் போட்டு, மூன்றிலும் ஒருத்தரை ஒருத்தர் அடிக்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தோம்.

பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதினேன். 'எங்களுடையது.'

"ஆன்ட்டி, பதிவு பண்ணப் போனா இது பேரா செல்லாது."

"பதிவு பண்ணும்போது பார்த்துக்கலாம். இப்ப சத்தமாப் படிடா, எழுத்து தெரியாதவங்களும் நிக்கிறாங்க."

படித்தான். வாசலில் நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள், ஹென்னி எல்லோருக்கும் மேலே கத்தினான். நான் கையிலிருந்த சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.