பேராசிரியர் சொன்ன ‘நோ’

1

இந்தக் கதை புனிதவதியிடம் கேட்டது. எண்பதுகளில் சுவிஸில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போனவர். எல்லாம் சொன்னார், கடைசிப் பதிலை மட்டும் சொல்லவில்லை. “அது வெளியில கதைக்கிற விசயமில்லை” என்றார். முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு வந்த ஞானம்.

2

நான் எழுத நினைத்தது செக் நாட்டுப் பேராசிரியர் வொட்ராஷ்காவின் வாழ்க்கையை: விரிவுரை மண்டபம், சிறை, கழுவும் தொட்டி, மந்திரிக் கதிரை. இப்படித் தொடங்கினேன்:

“1989 டிசம்பரில், வரலாறு திரும்பும் அந்தத் தருணத்தில்...”

வேண்டாம். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது.

சுவிஸின் கூர் நகர ஹோட்டல் ஒன்றில் இரண்டு பேர் சட்டி கழுவினார்கள். ஒருவர் வொட்ராஷ்கா, தன் நாட்டுச் சிறையில் மறியல் இருந்துவிட்டுத் தப்பி வந்தவர். மற்றவன் பத்மநாதன், யாழ்ப்பாணத்தான். அவனுடைய அகதி மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தபால்காரரைக் கண்டாலே பின்கதவால் வெளியே போய்விடுவான்.

(இருவரும் கதைத்தது உடைந்த ஜேர்மன். நான் அதை யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். செக்காரர் பொறுத்தருள்க.)

3

அந்த 1989 டிசம்பரில் செக் தலைநகர் பிராக்கில் ஆட்சி ஆட்டம் கண்டது. புதிதாக வந்தவர்கள் வொட்ராஷ்காவை மந்திரியாக வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

“இது பொறி, தம்பி. என்னை மறியலுக்கு அனுப்பினவங்கள் இன்னும் அதே அரசாங்கக் கந்தோரிலதான் இருக்கிறாங்கள்.”

“அப்ப போகாதேங்கோ, புறொபெசர்.”

மறுநாள் சமையலறைத் தொலைபேசி அடித்தது. வொட்ராஷ்கா எடுத்தார். செக்கில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நோ” என்றார். பிறகு, “நோ, நோ.”

படித்த மனிதர் அல்லவா, இங்கிலீசிலேயே மறுக்கிறார் என்று பத்மநாதன் நினைத்தான். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

[செக்காரர் பேச்சில் ‘நோ’ என்றால் ‘ஓமோம்’, அதாவது சம்மதம். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. கதைக்குள் புகுந்து நான் சொல்லலாம்தான். சொன்னால் அடுத்த பகுதி நடக்காது. நடந்துவிட்டதே.]

4

அன்றிரவே பத்மநாதன் காய்ச்சலில் விழுந்து, யாரையும் காணாமல் ஒரு வாரம் அறையில் கிடந்தான். எழும்பியதும் நேரே விசாரணைக்குத்தான் போனான்.

ஊருக்குப் போக ஏன் பயம் என்று அதிகாரி கேட்டார். அவன் தன்னுடைய பெரிய சாட்சியை எடுத்து வைத்தான்.

“எங்கட ஹோட்டல்ல சட்டி கழுவுற செக் புறொபெசரைக் கேளுங்கோ. மந்திரிப் பதவி குடுத்தும் அவர் போகேல்லை. பயம் எண்டால் அப்பிடித்தான் ஐயா.”

புனிதவதி மொழிபெயர்த்தார். அதிகாரி மேசையில் கிடந்த அன்றைய பேப்பரை அவன் பக்கம் திருப்பினார். வொட்ராஷ்கா பதவியேற்கும் படம்.

“அவரே போயிட்டார்,” என்று அதிகாரி சொன்னதைப் புனிதவதி தமிழாக்கினார். “உங்களுக்கு இன்னும் என்ன பயம்?”

அதிகாரியின் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: “அவற்ற நாடு மாறீட்டுது, என்ர நாடு மாறேல்லை” என்கிறான். நல்ல பதில். பயந்தவன் வாயில் நல்ல பதில் எங்கே வருகிறது?

முடிவு இரண்டு: அவன் அழுகிறான், அதிகாரி மனம் இர... இல்லை, பொய்.

முடிவு மூன்று: அவன்

எழுத வரவில்லை. நான் பாதுகாப்பாக ஒரு மேசையில் இருக்கிறேன். என் பதில் அவனுக்கு உதவாது.

நீங்கள் சொல்லுங்கள். புனிதவதி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்வதை அவர் அப்படியே ஜேர்மனில் சொல்வார், தட்டச்சுக்காரி அடிப்பாள், அதன் கீழே பத்மநாதன் கையெழுத்து வைப்பான்.