காய்ச்சல் காட்சி

பதினோரு குறுநாடகங்கள் வந்திருந்தன. அதில் நான்கைப் பரிந்துரைத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நஞ்சுண்டன் மாஸ்டர் சொல்லியிருந்தார். அவர் காந்திபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை மண்டபம் பிடித்து, புது ஆட்கள் எழுதிய குறுநாடகங்களை மேடையேற்றுவார். எழுதியவர் பெயரைக் கத்தரித்துவிட்டு எண் போட்டுக் கிருபாசங்கரிடம் கொடுப்பார். ஊரில் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. வந்த பதினோரு நாடகத்தையும் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவன் இவன் ஒருவன்தான்.

கிருபாசங்கருக்குப் பீளமேட்டில் ஒரு மில்லில், பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில், இரவு ஷிப்டு. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பான். அதற்குமேல் காரணம் இருந்ததாக அவனுக்கே நினைவில்லை. காலை ஏழு மணிக்கு வெளியே வந்து, தலையெல்லாம் பஞ்சோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நாடகம் படிப்பான். பிறகு அறைக்குப் போய்த் தூங்குவான்.

அவனுடைய பரிந்துரைகள் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். எத்தனை பேர், மேடையில் என்ன சாமான், எத்தனை நிமிடம், எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்த வேண்டும். இரண்டாம் எண் நாடகத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும் இரண்டு பேர் கடைசிவரை கடை திறக்குமா என்று பேசிக்கொள்கிறார்கள். நல்ல நாடகம், பாட்டை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதினான். நான்காம் எண் எஸ்.டி.டி. பூத்தில் நடப்பது. ஒன்பதாம் எண்ணில் சென்னிமலை பெட்ஷீட் வியாபாரி ஒருவன் வராத மாப்பிள்ளை வீட்டாருக்காக விரித்த பெட்ஷீட்டை மடிக்கிறான், விரிக்கிறான், மடிக்கிறான். ஆட்கள் சிரிப்பார்கள் என்று எழுதினான். அவன் சிரிக்கவில்லை.

ஏழாம் எண், கோடு போட்ட நோட்டுத் தாளில், பள்ளிக்கூட டீச்சரின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்திலேயே அது யார் எழுதியது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் காட்சி மில் வாசல். பதிலி ஆட்கள் சோற்றுப் போசியோடு வரிசையாக நிற்கிறார்கள். நிரந்தர ஆள் எவனாவது வராமல் போனால்தான் பதிலிக்கு அன்றைக்கு வேலை. இன்னொருத்தனுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற வேலை அது. நாடகத்தில் ஒரு பதிலி உள்ளே கூப்பிடப்படுகிறான். கார்டிங் மிஷினில் பஞ்சு அடைக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டுக் கையை விடுகிறான். நிறுத்திய பிறகும் உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டோடு வலது கை போகிறது.

போன வருடம் நடந்தது அது. பதிலியின் பெயர் ஆரோக்கியதாஸ். மிஷின் கிருபாசங்கருடையது. அந்த மிஷின் மற்றவற்றைவிட அதிக நேரம் சுற்றும், மூடியின் கொக்கி வேறு நிற்காது. அவன் அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தான். நிறுத்தினால் ஒரு பீடி பிடிக்கும் நேரம் காத்திருப்பான். அதை யாருக்கும் எழுதி வைக்கவில்லை. தன் மிஷினின் கோணல் தனக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் அந்தப் பிரிவில் எல்லோரும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே ஆரோக்கியதாஸின் தங்கை அருள்செல்வி இருந்தாள். சிங்காநல்லூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் நாடகம் எழுதிப் பிள்ளைகளை நடிக்கவைப்பாள் என்று பிறகு கேள்விப்பட்டான். விபத்து நடந்த இரவு தனக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொன்னான். அவள் எழுந்து தன் ஸ்டூலை அவனுக்குக் கொடுத்தாள். இன்னும் உடம்பு காய்கிறதா என்று கேட்டாள்.

அந்தக் காய்ச்சல் இப்போது இரண்டாம் காட்சியாக மூன்று பக்கத்துக்கு வந்திருந்தது. வராத ஆள் பாயில் படுத்திருக்கிறான். அவன் அம்மா நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள். வேலைக்குப் போகணும் என்று எழப் பார்க்கிறான், அம்மா விடுவதில்லை. கிருபாசங்கரின் அம்மா உடுமலையில் இருந்தாள். அவன் நெற்றியில் யாரும் துணி போட்டதில்லை.

விபத்து நடந்த அன்றைக்கு அவன் இதே நஞ்சுண்டன் மாஸ்டரின் நாடக விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பத்து மணி டவுன் பஸ்ஸைப் பிடித்திருந்தால் பதினோரு மணி ஷிப்டுக்குப் போயிருக்கலாம். கடைசி நாடகம் பாக்கி இருந்தது. அவன் பரிந்துரைத்தது. அதனால் இருந்தான்.

ஏழாம் எண்ணை மறுநாள் திரும்பப் படித்தான். பெயர் தெரியாதவன் போலப் படிக்கப் பார்த்தான். வந்ததில் அதுதான் நல்ல நாடகம், இரண்டாம் காட்சி வரும்வரை. காய்ச்சல்காரன்மேல் யாருக்கும் கோபம் வராது. கோபம் போக இடமில்லாமல் நாடகம் அங்கேயே படுத்துவிட்டது. தள்ளிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியே பரிந்துரைத்தால், ஆரோக்கியதாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த ஈரத்துணியைப் பார்ப்பான். நேரம் எடுத்துக்கொண்டு எழுதினான்.

'ஏழு: நான்கு பேர், ஒரு பெஞ்சு, ஒரு பாய், இருபத்தைந்து நிமிடம். வந்ததில் இதுவே சிறந்தது. காய்ச்சல் காட்சியை எடுத்துவிட வேண்டும். அந்த ஆளுக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாது. அவன் நாடகம் பார்க்கப் போயிருக்கட்டும்.'

குறிப்பு எழுதியவரிடம் போகும், படித்தவன் பெயர் போகாது. அது மாஸ்டரின் வழக்கம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். பத்துப் பதினைந்து பிள்ளைகள் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் குனிந்து பேசினார்.

"ஏங்கண்ணு, அந்த ஏழாம் நம்பர் அம்மணி ஒத்துக்க மாட்டீங்குது. நெசமாலுமே அந்த ஆளுக்குக் காய்ச்சலாமா. வந்து பாத்துட்டு அவரே சொன்னாராமா. காய்ச்சல்ல கெடந்தவன் மேல அபாண்டம் போடச் சொல்றீங்களேன்னு எங்கிட்டச் சண்டைக்கு வருது. நாடகமே வேண்டாமுங்க, திருப்பிக் குடுத்துருங்கன்னுடுச்சு."

மாஸ்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகோணும். மூணு நாடகத்தை வெச்சு விழா நடத்துனா ஊர்ல சிரிப்பாங்க. நீயாவது கொஞ்சம் எறங்கி வா. காய்ச்சல் இருந்தா இருந்துட்டுப் போகுது, உனக்கென்ன கேடு?"

நாளைக்கு எழுதியவரை இங்கே வரச் சொல்லுங்கள், நானே பேசுகிறேன் என்றான் கிருபாசங்கர். படித்தவன் எழுதியவரைப் பார்க்கக் கூடாது என்பது தாம் போட்ட விதி என்று மாஸ்டர் ஞாபகப்படுத்தினார். பிறகு, சரி போ, என்றார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அருள்செல்வி வந்தாள். நாடகத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இவனையும் காய்ச்சலுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க. இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

"குறிப்பு எழுதுனது நாந்தானுங்க டீச்சர்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"காய்ச்சல் இல்லீங்க. இங்க, இவரு விழாவுக்கு வந்திருந்தேன். கடைசி நாடகத்தைப் பாத்துட்டுப் போலாம்னு இருந்துபோட்டேன்."

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து, பிள்ளைகளிடம் போய், சரியாகத் தட்டிக்கொண்டிருந்த ஒருத்தியைத் தப்பு என்று திட்டினார். அருள்செல்வி சுருட்டிய தாளைப் பிரித்து, மேஜைமேல் வைத்துக் கையால் நீவினாள்.

"எப்படி இருந்துச்சுங்க அந்த நாடகம்?"

"நல்லா இல்லீங்க."

அவள் இரண்டாம் காட்சியை எடுத்துப் பார்த்தாள். அந்த அம்மா வேஷத்துக்குத் தன்னோடு வேலை பார்க்கும் கெசியா டீச்சரிடம் பேசி வைத்திருப்பதாகவும், அவள் அழுது அழுது பழகிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். சொன்ன குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும்கூட இல்லை. பேனாவை எடுத்து மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டாள்.

"எங்க அண்ணன் முன்வரிசையில உக்காரும். மேடையில பாத்துத் தெரிஞ்சுக்கட்டுமா, நீங்க வந்து சொல்றீங்களா?"

"வாரேனுங்க."

சிங்காநல்லூர் பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. அதைத்தான் அவளிடம் சொல்லியாகிவிட்டதே, அதையே சொன்னால் போதும் என்று இருந்தது.

ஆரோக்கியதாஸ் இடது கையால் கதவைத் திறந்தான். கிருபாசங்கர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான். நாடக விழாவைச் சொன்னான், பத்து மணி பஸ்ஸைச் சொன்னான். மிஷின் அதிக நேரம் சுற்றும் என்பதையும், கம்பி கட்டிய கொக்கியையும் சொன்னான். கொக்கி நாடகத்தில் இல்லாதது, அருள்செல்விக்கும் புதிது.

ஆரோக்கியதாஸ் வெகுநேரம் கொக்கியைப் பற்றித்தான் கேட்டான். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, கம்பி வெளியே தெரியுமா தெரியாதா. ஒவ்வொன்றுக்கும் இவன் பதில் சொன்னான்.

"ஒரு வருசமா நாந்தான் அவசரப்பட்டுக் கைய உட்டுட்டேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றான் ஆரோக்கியதாஸ்.

அருள்செல்வி உள்ளே போய்விட்டாள். தண்ணீர் கொண்டு வருவாள் என்று கிருபாசங்கர் நினைத்தான். வரவில்லை.

"வராத ஆளா யாரு நடிக்கறாங்க?" என்று ஆரோக்கியதாஸ் கேட்டான்.

இன்னும் முடிவாகவில்லை என்றான்.

"நீங்க நில்லுங்க. கொக்கியையும் சேத்து, எங்கிட்டச் சொன்ன மாதிரியே அத்தன பேர் முன்னாடியும் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாமுங்க."

தான் நடிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அது அந்த வீட்டு வாசலில் சொல்லக்கூடிய வாக்கியமாக இல்லை. பிறகுதான் நாள் ஞாபகம் வந்தது. விழா நடக்கும் சனிக்கிழமையும் அவனுக்கு இரவு ஷிப்டு. விழா முடியும்வரை இருந்தால் அன்றைக்கும் ஒரு பதிலி உள்ளே போவான், அதே மிஷினுக்கு. கொக்கியை இன்னும் யாரும் மாற்றவில்லை.

சரி என்றான். ஆரோக்கியதாஸ் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

காந்திபுரத்துக்குத் திரும்பியபோது இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மாஸ்டர் நோட்டீஸுக்கான பட்டியலைத் தானே டைப் அடித்துக்கொண்டிருந்தார். சிறந்ததைக் கடைசியில் வைப்பது அவர் வழக்கம் என்பதால் ஏழாம் எண் நான்காவதாக இருந்தது. கிருபாசங்கர் தாளை உருவி, அதை அடித்துவிட்டு முதலாவதாக எழுதினான்.

"ஏழு மணிக்குக் கூட்டமே வந்து சேராது கண்ணு" என்றார் மாஸ்டர்.

"ஏழரைக்கு முடிஞ்சுரோணுமுங்க. எனக்கு ஷிப்டு இருக்குது."

"பதினோரு மணிக்குத்தானே? அதுக்குள்ள மீதி மூணையும் பாத்துட்டே போலாம்."

பார்க்க மாட்டேன் என்றான். ஏழாம் எண்ணின் பரிந்துரைக் குறிப்பை எடுத்து, நடிகர்கள் என்ற இடத்தில் வராத ஆளுக்கு நேராகத் தன் பெயரை எழுதினான். சாமான்கள் என்ற இடத்தில் பாயை அடித்துவிட்டு, ஒரு சாண் கம்பி என்று எழுதினான்.