தெர்சா மார்ஃப்ளீட் காய்ச்சிய மசாலா ஏல்

யுத்தகால ரேஷன் முடிந்த வருஷம், நவம்பர் மாதத்து முதல் வியாழக்கிழமை, பெர்சி கோல்டிக் மசாலா ஏல் என்கிற பீரில் இரண்டாவது மிடறை விழுங்குவதற்குள் அவருடைய தொப்பியில் ஓர் ஆரஞ்சுச் செடி முளைத்து, இலை விட்டு, நெல்லிக்காய் அளவில் காயும் காய்த்துவிட்டது. பெர்சி தொப்பியைக் கழற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெல்டன்பி ஊரில் நவம்பர் மாதத்து வெயில் வெறும் வதந்திதான் என்றாலும், இருக்கிற வெளிச்சமாவது படட்டும் என்று அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏல் எப்படி இருக்கிறது என்று தெர்சா கேட்டதற்கு, "பரவால்ல" என்றார்.

தெர்சாவுக்கு அழுகை வந்தது. காரணம் செடி இல்லை, அந்தப் 'பரவால்ல'தான். 'கறுப்புக் கிடா' பப்பை நடத்துகிறவள் அவள். பின்கட்டில் செப்புக் கொப்பரை வைத்து, இஞ்சி, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் எல்லாம் தட்டிப் போட்டுக் கிறிஸ்துமஸுக்கான மசாலா ஏலைத் தானே காய்ச்சுகிறவளும் அவள்தான். அப்படிப்பட்டவளுக்கு, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் ஒன்று வாசனையையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சூப்பும் சோப்புத் தண்ணீரும் அவள் நாக்குக்கு ஒன்றே. போன வருஷம் கை போன போக்கில் கிராம்பைப் போட்டதில், குடித்த பாதி ஊருக்கு வாய் மரத்துப்போய், தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை வெறும் முனகலாக முடிந்தது. ஊரின் ருசிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் 'கொட்டலாம்' என்று தீர்ப்பு சொன்னார். மொத்தமும் ஆற்றில் போயிற்று. வாத்துகள் இரண்டு நாள் வட்டமாகவே நீந்தின. தொடர்ந்து இரண்டு வருஷம் கொட்டச் சொன்னால் கொப்பரையை ஊர்ச்சபை எடுத்துக்கொண்டு போகும் என்பது அந்த ஊரின் பழைய விதி. எனவே இந்த டிசம்பர்தான் தெர்சாவுக்குக் கடைசி வாய்ப்பு.

யாரையாவது கேட்கலாமே என்றால், வெல்டன்பிக்காரர்கள் அபிப்பிராயம் சொல்கிற ஜாதி இல்லை. கல்யாணச் சாப்பாடும் அவர்களுக்குப் பரவால்ல, காலில் மாடு மிதித்தாலும் பரவால்ல. நாக்கு போன விஷயம் பப்பில் வேலை செய்யும் ஐவிக்கு மட்டும்தான் தெரியும்.

"நீயாவது ஒரு வாய் குடிச்சுட்டு உண்மையச் சொல்லேன்டி" என்று தெர்சா கெஞ்சினாள்.

"என்னப் போயி கேக்குற. சக்கர போட்டா நல்ல டீ, போடலன்னா கெட்ட டீ. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்." ஐவி கிளாஸைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினாள். "ஆனா ஒண்ணு. ஆரஞ்சுத் தோல் கரெக்டா விழுந்திருக்கு. தொப்பிய நீயே பாரு."

தெர்சா போய்ப் பார்த்தாள். இலையில் பழுது இல்லை, காயில் சொத்தை இல்லை. ஆரஞ்சு சரி என்று அன்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேஜை துடைக்கிற சாக்கில் குடிக்கிறவர்களை நோட்டம் விட்டாள். தபால் ஆபீஸ் லீக் அம்மாள் அரை கிளாஸ் குடித்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க அவள் நடந்த பக்கமெல்லாம் பனி உருகித் தெருவில் பச்சைப் புல் தெரிந்தது. அவள் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே கடிதம் கொடுத்தாள். இஞ்சி சரி. பள்ளிக்கூட வாத்தியாரின் கைத்தடி, ஓரங்கள் உள்பக்கம் சுருண்டு நல்ல பட்டையாக மாறியது. அவர் அதன் நுனியைக் கொஞ்சம் சுரண்டி வீட்டில் ஆப்பிள் பலகாரத்துக்குப் போட்டுக்கொண்டார். கறிக்கடை நெட்டில்டனுக்கு மட்டும் கோட்டு, சட்டை, கால்சட்டை என்று இருந்த பொத்தான் எல்லாம் கிராம்பாகி ஒடிந்து விழ, அவர் கால்சட்டையைக் கையில் பிடித்தபடி வீடு போய்ச் சேர்ந்தார். தெர்சா அடுத்த பீப்பாயில் கிராம்பைக் குறைத்தாள். மறுவாரம் அவருக்குக் கழுத்துப் பொத்தான் ஒன்று மட்டும்தான் மாறியது. "பரவால்ல" என்றார் நெட்டில்டன், இரண்டு வாரமும்.

ஜாதிக்காய்தான் பேசவே இல்லை. யார் குடித்தாலும் அதற்கென்று எதுவும் முளைக்கவில்லை, மாறவில்லை. தெர்சா அடுத்த பீப்பாயில் கூடுதலாகத் துருவினாள். ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததில் இன்னும் கூடுதலாக. "போதும்டி, குழந்தைக்குப் பவுடர் போடுற மாதிரி போடுற" என்று ஐவி கையைப் பிடித்து நிறுத்திய பிறகும், அவள் திரும்பின நேரம் பார்த்துத் தெர்சா ஒரு முழுக்காயைத் துருவிச் சேர்த்தாள். ருசி பார்க்கும் நாளுக்கு ஒதுக்கியது அந்தப் பீப்பாய்தான்.

ருசிக்காரர் கத்பர்ட் ஓம்ப்ளர். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். அடைத்த ரயில்வே கேட் மாதிரி முகம். வெல்டன்பியில் ருசி பார்ப்பது இப்படி: டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை, தோல் கால்சட்டை போட்ட ருசிக்காரர் ஒரு கிளாஸை நின்றபடி குடிப்பார். இன்னொரு கிளாஸை வாசலில் கிடக்கும் மர பெஞ்சின் மேல் ஊற்றி, அந்த ஈரத்திலேயே உட்காருவார். தேவாலய மணி பதினொன்று அடிக்கும்போது உட்கார்ந்தால், பதினொன்றரைக்கு அடிக்கும்போதுதான் எழுந்திருப்பார். எழும்போது கால்சட்டை ஒட்டிக்கொண்டால், சர்க்கரையைக் கொட்டி ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் யார் பேசினாலும் அபராதம். கடைசியில் 'குடிக்கலாம்', 'கொட்டலாம்' இரண்டில் ஒன்று சொல்வார்.

ஓம்ப்ளர் குடித்தார். முகத்தில் அசைவு இல்லை, தொப்பியில் இலை இல்லை, கால்சட்டையில் பொத்தானும் பொத்தானாகவே இருந்தது. பெஞ்சில் ஊற்றினார், சந்தைத் திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதுவுமே நடக்காத ஒரு ஆளை தெர்சா அந்தக் குளிர்காலத்தில் அன்றுதான் பார்த்தாள். கொப்பரையை எந்தக் கதவு வழியாக எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுகூட யோசித்துவிட்டாள்.

கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கிற அந்த ஊரின் தேவாலயத் தெரு வழியாக, கால் மணி நேரம் கழித்து, மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று வந்தது. அடியில் தண்ணீர் இல்லை, கல்தளம் மட்டும் நனைந்திருந்தது. மேல்தளத்தில் ஆள் யாரும் இல்லை, ஜாதிக்காய் மூட்டைகள் இருந்தன. போலீஸ்காரர் கையைக் காட்டி ரொட்டி வண்டியை நிறுத்தி வழிவிட்டார். கப்பல் விளக்குக் கம்பத்தை இடிக்காமல் பதனமாக ஒதுங்கி, சந்தைத் திடலுக்குள் திரும்பியது. ஜாதிக்காய் அத்தனை நாளும் சும்மா இருக்கவில்லை. தூரத்திலிருந்து வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்த எல்லா மூக்கும் ஒரே நேரத்தில் விரிவதை தெர்சா பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஒரு வாசனையும் இல்லை. இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று புரியாமல் ஏப்ரனைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஏம்மா ஐவி, ஓம்ப்ளர் கிட்ட சொல்லணுமா?" என்று பெர்சி கிசுகிசுத்தார்.

"பேசுனா அபராதம்."

"கப்பலும்மா."

"கப்பல் வந்தா பேசலாம்னு விதியில இல்லியே."

அதனால் யாரும் சொல்லவில்லை. கப்பலின் முன்மூக்கு மெல்ல வந்து ஓம்ப்ளரின் தலைக்கு மேலே நின்றது. பெஞ்சில் நிழல் விழுந்தது. பாயிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டு சொட்டாக அவர் தோளில் விழுந்தது. ஓம்ப்ளர் அண்ணாந்து பார்க்காமல் பக்கத்தில் சாத்தியிருந்த குடையை எடுத்து விரித்துக்கொண்டார். மணி அடிக்கும்வரை ஊரே அப்படியே நின்றது.

அடித்தது. ஓம்ப்ளர் எழுந்தார். கால்சட்டை ஒட்டவில்லை.

"குடிக்கலாம்" என்றார்.

பிறகுதான் குடையை மடக்கிக்கொண்டு திரும்பினார். கால அட்டவணையில் இல்லாத ரயிலைப் பார்க்கிற மாதிரி கப்பலை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பார்த்தார். தெர்சாவிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "குடிக்கறப்பவே நெனச்சேன் புள்ள. ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

ஐவி தெர்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி அழுவுற, பாஸாயிட்டடி."

"அதுக்கில்லடி" என்றாள் தெர்சா, அழுதுகொண்டே சிரித்து. "ரெண்டு வருஷமாச்சு. இன்னிக்குத்தான் ஒரு ஆளு என்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்காரு."

ஏல் தேறியதற்கு அடையாளமாக ஓம்ப்ளர் பப் கதவில் ஹோலி என்கிற முள்ளிலைச் செடியின் கொத்தைக் கட்டினார். ஊர் உள்ளே போய் மத்தியானம் வரை குடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பீப்பாய் திறக்கும்போதும் ஓம்ப்ளர் பின்கட்டு வழியாக வந்து ஒரு கிளாஸ் குடிப்பார், இஞ்சி பத்தாது, பட்டை போதும் என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடுவார். அடுத்த வருஷம் தெர்சா ஜாதிக்காயைக் குறைத்தாள். ஒரு சின்னத் துடுப்புப் படகு மட்டும் வந்து கப்பலோடு தன்னைக் கட்டிக்கொண்டது. அதற்கடுத்த வருஷம் அதுவும் வரவில்லை. அளவு சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நாக்கு திரும்பி வரவே இல்லை, தெர்சா அதைத் தேடவும் இல்லை. கப்பல் திரும்பிப் போகிற வழி தெரியாமலோ விருப்பமில்லாமலோ அங்கேயே நின்றுவிட்டது. காற்று அடிக்காத பக்கம் முட்டைக்காரியும் மீன்காரரும் கடை போடுகிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் ஹல் நகரத்துப் பஸ் வெல்டன்பியை விட்டுப் புறப்படக் கொஞ்சம் தாமதமாகும். பஸ் கம்பெனி அதற்கேற்ப நேரத்தை மாற்றிவிட்டது. அங்கே இறங்க வேண்டியவர்கள் கண்டக்டரிடம் 'கப்பல் ஒண்ணு' என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறார்கள்.